ஒரு லட்சம் ரூபா விளம்பரக் காசு: டிரெக்டரியில் போடுவதா, இணையத்தில் போடுவதா?

ஜனவரி மாதம், ஒரே கிழமையில், தம்பியின் கடைக்கு இரண்டு பேர் வந்துபோனார்கள். முதலில் வந்தவர் டிரெக்டரிக்கு, அதாவது தொலைபேசி எண்கள் அச்சாகும் புத்தகத்துக்கு, விளம்பரம் சேர்ப்பவர். கால் பக்கம், அரைப் பக்கம், நிறத்தில் என்றால் ஒரு விலை, கறுப்பு வெள்ளை என்றால் ஒரு விலை என்று மாதிரித் தாள்களை மேசையில் விரித்தார். மாத முடிவுக்குள் படிவத்தை நிரப்பித் தந்தால்தான் இந்த வருடப் புத்தகத்தில் பெயர் வரும் என்றார். இரண்டு நாள் கழித்து வந்தவன் ஓர் இளம் பொடியன். மாதம் இவ்வளவு தந்தால் பேஸ்புக்கில் பூஸ்ட் பண்ணி, அதாவது காசு கட்டிப் பதிவைப் பரப்பி, ஒரு கிழமைக்குள் இருபதாயிரம் பேருக்குக் காட்டித் தருகிறேன் என்று போனை நீட்டினான். விளம்பரத்துக்கென்று தம்பி அந்த வருடம் ஒதுக்கி வைத்திருந்தது ஒரு லட்சம் ரூபா. அன்றிரவு எனக்குப் போன் எடுத்தான். “அக்கா, ரெண்டு பேர் சொல்லுறதும் சரி மாதிரித்தான் கிடக்கு. நான் எதில போடுறது?”

அவனுடையது கொழும்பில், பாமன்கடையில், தண்ணீர் மோட்டரும் பம்பும் திருத்தும் கடை. அப்பா தொடங்கியது. நான் கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே கல்யாணவீடு, சாமத்தியவீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். ஒரே குடும்பம், ஒரே நகரம், ஆனால் வாடிக்கையாளர் எங்களிடம் வந்து சேரும் வழி இரண்டு பேருக்கும் துளியும் ஒத்துவராது. அதனால்தான் அவனுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று பேசியதையும், அதற்குப் பிறகு செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். சிறு கடை வைத்திருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

அச்சு பழையது, இணையம் புதியது என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கணக்கு ஒருநாளும் சரிவராது. விளம்பரத்தில் உண்மையான பிரிவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வகை, தேவை வந்தபிறகு ஆள் தேடிப் பார்ப்பது. இன்னொரு வகை, தேடாதவரின் கண்ணில் போய்ப் படுவது. டிரெக்டரி முதல் வகை. யாரும் பொழுதுபோக்குக்கு டிரெக்டரியைப் புரட்டுவதில்லை. மோட்டர் நின்றுபோய், மேல்தாங்கியில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக நிற்கும் நேரத்தில்தான் ‘பம்ப்’ என்ற தலைப்பைத் தேடுவார்கள். கூகுளில் தேடுவதும் அதே வகைதான். பேஸ்புக் இரண்டாவது வகை. அங்கே ஆள் வந்தது சித்தியின் மகளுடைய கல்யாணப் படம் பார்க்க. நடுவில் நம் மோட்டர் கடை வந்து நிற்கிறது. பத்திரிகை விளம்பரமும் வானொலி விளம்பரமும் இதே இனம்தான்.

ஆகவே டிரெக்டரியின் உண்மையான வாரிசு கூகுள் மேப். தம்பி அந்தக் கிழமை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது டிரெக்டரியையும் பேஸ்புக்கையும். இரண்டும் இரண்டு வேலை செய்கிற சாமான்கள். சுத்தியலையும் அரிவாளையும் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

டிரெக்டரியை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் வந்த முதல் தொலைபேசி டிரெக்டரி ஒரே ஒரு அட்டைத் தாள். அதில் ஐம்பது பேரளவுதான் இருந்தார்கள். எங்கள் ஊருக்கும் இது புதிதல்ல. தொலைபேசி வருவதற்கு முன்பே, பெர்குசன் குடும்பத்தார் கொழும்பில் ஆண்டுதோறும் அச்சிட்ட டிரெக்டரியில் தோட்டங்களும் வணிக நிறுவனங்களும் உத்தியோகத்தர்களும் வரிசையாக இருந்தார்கள். பிறகு டெலிகொம்மின் விபரக்கொத்து, அதன்பின் ரெயின்போ பேஜஸ் என்ற தொழில்வாரி டிரெக்டரி. எங்கள் வீட்டில் தொலைபேசிக்குக் கீழே ஒரு முக்காலி, அதன்மேல் அந்தப் பாரமான புத்தகம். அம்மாவுக்குத் தேவையான எண்கள் எல்லாம் அதன் அட்டையிலேயே நீல மையில் எழுதியிருக்கும். டொக்டர், காஸ், ஐயர், பள்ளிக்கூடம். எந்த விளம்பரமும் காசு கொடுத்து வாங்க முடியாத இடம் அந்த அட்டை. அப்பாவின் கடை உள்ளே கட்டம் போட்டு வந்தது. அதனால் நிறைய வேலை வந்தது, நானே பார்த்தேன்.

ஆனால் அந்தப் புத்தகம் வீட்டு வாசலுக்கு வந்ததற்குக் காரணம் வீட்டுத் தொலைபேசி. இப்போது வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் புதிதாகக் குடிவருகிற இளம் குடும்பம் எத்தனை வீட்டுத் தொலைபேசி எடுக்கிறது? நாட்டின் சனத்தொகையைவிடக் கைத்தொலைபேசி இணைப்புகள் கூடிப்போய்ப் பல வருடமாகிறது. பிரித்தானியாவில் 1966இல் பிரைட்டன் நகரத்தில் தொடங்கிய மஞ்சள் பக்கப் புத்தகத்தை, அதே பிரைட்டனில் 2019 ஜனவரியில் கடைசிப் பிரதியைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். கடதாசியின் கதையும் நமக்குத் தெரியும். 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் கடதாசி தட்டுப்பட்டபோது, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ இரண்டும் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் நிறுத்தின. அச்சு விளம்பரத்தின் விலையில் கடதாசி விலையும் டொலர் விலையும் எப்போதும் ஒளிந்திருக்கின்றன.

டிரெக்டரிக்கு இன்னொரு பெரிய குறை உண்டு. அது எங்களுக்கு நேரே நடந்தது. ஒரு வருடம் அச்சில் அப்பாவின் கடை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் இடம் மாறி வந்துவிட்டன. புத்தகம் கைக்கு வந்த அன்றுதான் பார்த்தோம். யாரோ ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்கு வருடம் முழுக்க மோட்டர் பழுது அழைப்புகள் போயின. அந்த அம்மா நல்லவர். எங்கள் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அழைத்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அப்பா பொங்கலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விளம்பரம் சேர்த்தவர்கள் அடுத்த வருடம் விலை குறைத்தார்களே தவிர, போன வருடத்து வியாபாரத்தை யார் திருப்பித் தருவது? அச்சில் போன பிழைக்கு ஆயுள் ஒரு வருடம். கடை இடம் மாறினாலும் அதே கதைதான்.

இணையத்தில் பிழையை ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். அங்கே வேறு ஆபத்து. என் பலகார வேலைக்கு முதல் பேஸ்புக் பக்கத்தை ஒரு தெரிந்த பொடியன்தான் செய்து தந்தான், தன்னுடைய கணக்கிலிருந்து. நானும் விபரம் தெரியாமல் விட்டுவிட்டேன். இரண்டு வருடம் படம் போட்டு, பதில் எழுதி, ஆட்கள் சேர்ந்த பிறகு அவன் வேலைக்குக் கட்டார் போய்விட்டான். போன இடத்தில் அவனுடைய கணக்கு முடங்கியது. பக்கம் அப்படியே கிடக்கிறது. எனக்குத் திறக்க வழியில்லை, மூடவும் வழியில்லை. இன்றைக்கும் யாராவது அதில் ஓடர் கேட்டு எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்று என்னைப் பற்றித் தவறாக நினைப்பார்களோ என்று மனம் அடித்துக்கொள்ளும். யார் செய்து தந்தாலும் பக்கத்தின் முதல் உரிமை உங்கள் கணக்கில் இருக்கட்டும், பணம் கட்டும் அட்டையும் உங்களுடையதாக இருக்கட்டும். செய்து தருபவரை அதற்குள் உதவியாளராகச் சேர்த்தால் போதும். தம்பியிடம் நான் முதலில் சொன்னதும் இதைத்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

விளம்பரக்காரர் இருவரும் சொல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு வேலையில் உங்கள் கைக்கு மிஞ்சுவது எவ்வளவு? விற்ற பணத்தைச் சொல்லவில்லை, செலவு போக மிஞ்சுவதை. அது தெரியாமல் எந்த விளம்பரமும் மலிவா விலையா என்று சொல்ல முடியாது.

கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். டிரெக்டரி விளம்பரம் வருடத்துக்கு 60,000 ரூபா. தம்பிக்கு ஒரு வீட்டு மோட்டர் திருத்தினால் கையில் நிற்பது 2,500 ரூபா என்றால், போட்ட காசு திரும்பவே 24 வேலை வரவேண்டும். அதுவும் எப்படியும் வந்திருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளராக இருக்கக்கூடாது, அந்தப் புத்தகத்தைப் பார்த்து மட்டுமே வந்த புது ஆட்களாக இருக்கவேண்டும். எனக்கு ஒரு கல்யாணவீட்டு ஓடரில் 15,000 நின்றால் நாலு ஓடர் போதும். அதே தம்பிக்கு ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் பம்புகளை வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் கிடைத்து, அதில் 80,000 நிற்குமென்றால் ஒன்றே ஒன்று வந்தால் போதும், விளம்பரம் லாபம்.

ஒரே விளம்பரம், ஒரே விலை. வீட்டு மோட்டருக்கு நட்டம், கட்டட ஒப்பந்தத்துக்கு லாபம். ஆகவே டிரெக்டரியை யார் இன்னும் திறக்கிறார்கள் என்பதே அடுத்த கேள்வி. நான் கண்டவரையில் வீடுகளில் மிகக் குறைவு. அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. கொள்வனவுப் பகுதியில் இருப்பவர் மூன்று விலைமனு எடுத்து மேலிடத்துக்கு வைக்கவேண்டும். ஹோட்டல், தொழிற்சாலை, பாடசாலை, கட்டட முகாமைக் குழு எல்லாவற்றுக்கும் அந்த வழக்கம் உண்டு. அவர்களுக்கு ஒரே தலைப்பின் கீழ் ஐந்து கடையின் பெயர் ஒன்றாக இருப்பது வசதி. பல வருடமாக ஒரே புத்தகத்தில் வரும் பெயருக்கு ஒரு நம்பிக்கையும் உண்டு. நேற்றுத் தொடங்கி நாளை மூடுகிற கடை இல்லை என்ற எண்ணம். அப்படியான இடங்களுக்குப் பொருள் கொடுப்பவர் நீங்கள் என்றால், இரும்புச் சாமான், அலுவலகத் தளபாடம், தீயணைப்புக் கருவி, மின்பிறப்பாக்கி திருத்துபவர் என்றால், டிரெக்டரியை இன்னும் கைவிடவேண்டாம். அப்போதும் அரைப் பக்கம் தேவையில்லை. சரியான தலைப்பின் கீழ் தடித்த எழுத்தில் ஒரு வரி, முடிந்தால் இரண்டு தலைப்புகளில். பெரிய கட்டம் கண்ணுக்கு அழகு. ஆனால் விலைமனு கேட்பவர் வரிசையில் உள்ள எல்லோரையும்தான் அழைக்கப்போகிறார்.

இனி கூகுள் விளம்பரத்தின் கணக்கு. அங்கே அச்சிட்ட விலைப் பட்டியல் கிடையாது. ஒரு சொல்லைத் தேடுகிறவருக்கு முன்னால் யாருடைய விளம்பரம் வருவது என்று ஒவ்வொரு தேடலுக்கும் ஏலம் நடக்கிறது. பெரும்பாலும் தொட்டால் மட்டும் காசு. ஒரு தொடுகைக்கு 40 ரூபா, பத்துப் பேர் தொட்டால் ஒருவர் அழைக்கிறார், மூன்று அழைப்பில் ஒன்று வேலையாகிறது என்று வைப்போம். ஒரு வேலைக்கு 1,200 ரூபா விளம்பரச் செலவு. 2,500இல் 1,300 மிஞ்சும். தொடுகை 80 ரூபாவாக ஏறினால் 2,400 போய்விடும், நூறு ரூபாவுக்காகத் தம்பி நாள் முழுக்க மோட்டர் சுற்றவேண்டும். அதனால் இணையம் மலிவு என்று யார் சொன்னாலும் உடனே நம்பவேண்டாம். அது மலிவாவதும் விலையாவதும் எந்தச் சொல்லுக்கு, எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்குக் காட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

இந்த இடத்தில் கொழும்பில் இருப்பவருக்கென்றே சில விபரங்கள் உண்டு. முதலாவது சொற்கள். ‘மோட்டர் திருத்துதல்’ என்று பொதுவாகப் போட்டால் மோட்டார் சைக்கிள் திருத்தத் தேடுகிறவரும் வந்து தொடுவார், காசு உங்களுடையது. சைக்கிள், வாகனம், உதிரிப்பாகம் போன்ற சொற்களைத் தேடுபவருக்கு விளம்பரம் காட்டாமலிருக்க, அவற்றை வேண்டாத சொற்களாகச் சேர்த்துவிடவேண்டும். இரண்டாவது எழுத்து. நம் ஆட்கள் வாயில் தமிழ் பேசினாலும் தேடும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். வெள்ளவத்தையையே ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை மாற்றி இரண்டு விதமாக எழுதுகிறோம். இரண்டையும் சேர்க்கவேண்டும். தமிழ் எழுத்திலும் ஒன்று போடுங்கள். 2018 முதல் கூகுள் விளம்பரத்தில் தமிழ் அனுமதிக்கப்படுகிறது. தமிழில் தேடுகிறவர் குறைவு, ஆனால் அந்தச் சொற்களுக்குப் போட்டியும் குறைவு.

மூன்றாவது இடம். இது எனக்கும் தம்பிக்கும் நேர் எதிராக வேலை செய்தது. கூகுளில் கொழும்பு என்று இடம் குறித்தால், அதன் வழக்கமான அமைப்பு கொழும்பில் இருப்பவருக்கு மட்டுமன்றி, கொழும்பைப் பற்றி அக்கறை காட்டுகிற வெளியூர்க்காரருக்கும் விளம்பரத்தைக் காட்டும். தம்பிக்கு அது வீண் செலவு. லண்டனில் இருப்பவரின் மோட்டரை அவன் போய்த் திருத்த முடியாது. உடனே அந்த அமைப்பை மாற்றி, பாமன்கடையைச் சுற்றிச் சில கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தோம். எனக்கோ அதுதான் அதிர்ஷ்டம். லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற பிள்ளைகள், வெள்ளவத்தையில் தனியாக இருக்கிற பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கோ தாத்தாவின் திவசத்துக்கோ பலகாரம் சொல்லத் தேடுகிறார்கள். அவர்கள் விலை பேசுவதைவிட நேரத்துக்கு வந்து சேருமா என்றுதான் கேட்பார்கள். எந்தக் கொழும்பு டிரெக்டரியும் அவர்கள் கைக்குப் போகாது.

காசு இல்லாமல் செய்யவேண்டிய முதல் வேலை

ஒரு லட்சத்தில் ஒரு சதம் செலவழிக்க முன்பே செய்யவேண்டியது கூகுள் மேப்பில் கடையைப் பதிவது. அது இலவசம். இதைச் செய்யாமல் விளம்பரத்துக்குக் காசு கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்தும். பெயர்ப்பலகை, வீதி, உள்ளே இருக்கும் கருவிகள் எல்லாம் தெரிய ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், கடை உண்மையாக இருக்கிறதா என்று பார்க்க. தம்பி காலி வீதிப் பக்கமிருந்து நடந்து வந்து, பக்கத்துப் பேக்கரியையும் காட்டி, கடைக் கதவைத் தானே திறந்து உள்ளே போவதுபோல் எடுத்து அனுப்பினான்.

அதில் மூன்று விஷயத்தில் நேரம் செலவழியுங்கள். திறக்கும் நேரம் முதலாவது. போயா நாளில் மூடுவீர்களா, தைப்பொங்கலுக்கு எத்தனை நாள், வெசாக்குக்கு எப்படி என்பதை முன்கூட்டியே போடலாம். திறந்திருக்கும் என்று காட்டியதை நம்பி மழைக்குள் முச்சக்கரவண்டியில் வந்து பூட்டிய கடையைப் பார்த்தவர் திரும்ப வரமாட்டார். இரண்டாவது படங்கள். பிரித்துப் போட்ட மோட்டரின் கருகிய சுருளும், புதிதாகச் சுற்றிய செப்புச் சுருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு படம், அரைப் பக்க விளம்பரத்தைவிட அதிகம் பேசும். மூன்றாவது வாடிக்கையாளர் எழுதும் கருத்து. வேலை முடிந்து அவர் சந்தோஷமாக நிற்கும் அந்த நிமிடத்தில் கேட்டால் எழுதுவார், பிறகு கேட்டால் மறந்துவிடுவார். தெரிந்தவர், உறவினர் என்று பொய்யாக எழுத வைக்கவேண்டாம். குறை எழுதினால் பணிவாகப் பதில் போடுங்கள். டிரெக்டரியில் உங்களைப் பற்றி யாரும் குறை எழுத முடியாது, உண்மைதான். ஆனால் அதில் உங்களைப் புகழ்ந்து எழுதவும் ஒருவருக்கும் இடமில்லை.

என்னைப்போல் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்து பலர் இதில் சேராமல் இருக்கிறார்கள். முகவரியை மறைத்து, எந்தெந்தப் பகுதிகளுக்குச் செய்து கொடுப்பீர்கள் என்பதை மட்டும் காட்ட அதில் வழியிருக்கிறது. நான் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று போட்டிருக்கிறேன். அழைப்பு வருகிறது, ஆள் வாசலுக்கு வருவதில்லை.

பேஸ்புக் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பார்த்தவுடன் ஆசை வருகிற பொருள் என்றால் அங்கே போடுங்கள். சேலை, கேக், நகை, பூமாலை, பலகாரம். தட்டு நிறையப் பயத்தம் பணியாரமும் சீனி அரியதரமும் அடுக்கி, காலை வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்துக்கு எனக்கு வந்த ஓடர், வேறு எதற்கும் வந்ததில்லை. மோட்டரைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது. இருபதாயிரம் பேருக்குக் காட்டினால் அதில் அன்று மோட்டர் பழுதானவர் எத்தனை பேர்? அவசரத் தேவையுள்ள தொழில்களுக்கு பேஸ்புக் காசு பெரும்பாலும் வீண் என்பது என் முடிவு. பூஸ்ட் என்ற பொத்தானை மட்டும் அழுத்தினால் விருப்பம் சொல்பவர் கூடுவார், வாங்குபவர் கூடமாட்டார். விளம்பரம் போடுவதென்றால் நேரே வட்ஸ்அப்புக்கு மெசேஜ் வரும் வகையைத் தெரிவுசெய்து, சுற்றுவட்டாரத்தைச் சுருக்கிப் போடுங்கள். நாடு முழுவதும் என்று விட்டால் மட்டக்களப்பிலிருந்து ஒருவர் விலை கேட்பார். விலை சொல்லலாம், வடையைச் சூடாகக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

இணையத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கவும் கூடாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போது சமூக ஊடகங்களை ஒரு கிழமைக்கு மேல் முடக்கினார்கள். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மீண்டும் முடக்கம். 2022 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாளுக்குக் குறைவாக. அரசாங்கம் தொடாமலே 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணித்தியாலம் நின்றுபோயின. 2018இல் அந்த நாட்களில் எனக்கு மூன்று ஓடரின் முகவரி வட்ஸ்அப்புக்குள் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயர், எண், என்ன வாங்கினார், எந்த விசேஷம் என்பதைக் கொப்பியில் கையால் எழுதி வைக்கிறேன். சாமத்தியவீட்டுக்கு வாங்கியவர் ஏழெட்டு வருடத்தில் கல்யாணத்துக்கு வாங்குவார். அந்தக் கொப்பி எந்தக் கம்பனியின் கையிலும் இல்லை.

டிரெக்டரி தவிர்ந்த அச்சு

அச்சென்றால் டிரெக்டரி மட்டும்தானா? தமிழ் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் சிறு தொழிலுக்கு டிரெக்டரியைவிட நல்ல அச்சிடங்கள் கொழும்பில் இருக்கின்றன. 1930இல் தொடங்கிய வீரகேசரியின் ஞாயிறு வெளியீட்டில் மணமக்கள் தேவைப் பகுதியை யார் வாசிக்கிறார்கள்? வீட்டில் கல்யாணப் பேச்சு நடப்பவர்கள். அந்தப் பக்கத்துக்கு அருகில் நாலு வரி வருமாயின், அது எனக்குப் பெரிய கட்ட விளம்பரத்தைவிட மேல். வருடம் முழுக்க வேண்டாம். முகூர்த்தம் நிறைந்த தை, வைகாசி, ஆவணிக்கு முந்திய சில ஞாயிறுகள் போதும். பழைய மாணவர் சங்க மலரும் கோயில் திருவிழா மலரும் வியாபாரம் கொண்டுவரும் என்று நினைத்துக் கொடுக்கக்கூடாது. அது சமூகத்துக்குச் செய்யும் கடமை, அந்தக் கணக்கிலேயே எழுதவேண்டும்.

கலண்டர் வேறு. ஒரு சிறிய நாட்கலண்டர், அதில் கடையின் எண், அமாவாசை, பூரணை, சதுர்த்தி, ராகுகாலம். அது சுவரில் 365 நாளும் தொங்கும். சைவ வீட்டில் விரத நாள் பார்க்கத் தினமும் ஒருவர் அதன் முன்னால் நிற்பார். அப்பா டிரெக்டரியைக் குறைத்துக்கொண்ட காலத்தில் கலண்டரைக் கூட்டினார். மோட்டரின் மேல் ஒட்டும் சிறு ஸ்டிக்கரும் அப்படித்தான். பழுதான பொருளின் மேலேயே திருத்துபவரின் எண் இருந்தால், அவர் ஏன் டிரெக்டரியையோ கூகுளையோ தேடப்போகிறார்?

எங்கள் ஒரு லட்சத்துக்கு வருகிறேன். டிரெக்டரியில் தம்பி கட்ட விளம்பரம் எடுக்கவில்லை. ‘பம்புகள், திருத்தம்’ என்ற தலைப்பில் தடித்த எழுத்தில் ஒரு வரி மட்டும் போட்டான். அதற்கென்று ஒரு தனி எண்ணையும் வாங்கினான். வேறு எங்கும் கொடுக்காத எண். அதில் மணி அடித்தால் அந்த அழைப்பு புத்தகத்திலிருந்து வந்தது, வேறு சந்தேகமில்லை. இரண்டு கைத்தொலைபேசி வைத்திருப்பவர் இதைச் செலவில்லாமலே செய்யலாம். பேஸ்புக் பொடியனிடம், பிறகு பார்ப்போம் தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டான். கூகுளில் மாதம் 4,000 ரூபா, காலை ஆறு மணி முதல் பத்து வரை, மாலை நாலு முதல் ஏழு வரை மட்டும். தண்ணீர் இல்லை என்பது வீட்டில் தெரியவரும் நேரங்கள் அவை. அட்டையில் கழியும் தொகைக்கு மேலே வங்கிக் கட்டணமும் வரியும் சேரக்கூடும் என்பதால் சிறிது ஒதுக்கி வைத்தான். மிச்சத்தில் கலண்டரும் ஸ்டிக்கரும்.

அழைப்பை எடுப்பவர் யாராக இருந்தாலும், வேலை விபரம் கேட்ட பிறகு ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று ஏற்பாடு: “எங்கட கடையை எப்படித் தெரியும்?” பதிலைக் கொப்பியில் ஒரு சொல்லில் எழுதுவது. மேப், விளம்பரம், புத்தகம், கலண்டர், ஆள் சொல்லி. பக்கத்தில் அந்த வேலையில் நின்ற காசு.

ஆறு மாதக் கொப்பியைப் பார்த்தபோது, அதிகம் இருந்தது ‘ஆள் சொல்லி’. அதற்கு அடுத்தது ‘மேப்’, காசே கொடுக்காத மேப். காசு கொடுத்த கூகுள் விளம்பரம் தன் செலவை மீட்டு, கொஞ்சம் மேலே கொடுத்தது. டிரெக்டரி எண் மிகச் சில தடவைதான் அடித்தது. ஆனால் அந்தச் சிலவற்றில் ஒன்று கிருலப்பனைப் பக்கம் ஒரு தொடர்மாடியின் முகாமையாளர். மூன்று கடையிடம் விலை கேட்டார், தம்பிக்குக் கொடுத்தார். ஒரு வரி விளம்பரத்தின் முழுக் காசும் அந்த ஒரு ஒப்பந்தத்தில் திரும்பிவிட்டது.

அதனால் அடுத்த வருடத்துக்கும் அந்த ஒரு வரி நிற்கிறது. கட்டம் வேண்டாம், நிறம் வேண்டாம். விளம்பரம் சேர்ப்பவர் அச்சுக்குப் போக முன் சரிபார்க்கும் பிரதியைக் கொண்டுவந்தபோது, தம்பி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து வாசித்தான். பிறகு தன் போனிலிருந்து அந்த எண்ணுக்கே ஒருமுறை அழைத்து, மேசையில் கிடந்த மற்றப் போன் மணியடித்த பிறகுதான் கையொப்பம் போட்டான்.